ஏழு எசமான்களுக்கு வேலை செய்த சாமுராய்

சாமுராய் எண்டு சொன்னால் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே படம்தான் மனதில் வரும். வெள்ளை உடுப்பு, முழங்காலில் இருக்கிற ஒரு மனிசன், முன்னால் ஒரு சின்ன வாள். எசமானுக்காகத் தன்ரை வயிற்றைத் தானே கிழிக்கிறவன். அனிமே பார்த்து வளர்ந்த பெடியளுக்கும் சரி, குரோசாவா படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவர்களுக்கும் சரி, சாமுராய் என்பது விசுவாசத்தின் இன்னொரு பெயர்.

கொஞ்ச நாளுக்கு முதல் நண்பர்கள் சிலர் சேர்ந்து மசாக்கி கொபயாஷியின் 'ஹராகிரி' (1962) படம் பார்த்தோம். வேலையில்லாத, எசமான் இல்லாத ஒரு வயது போன சாமுராய், பெரிய பிரபு வீடொன்றின் வாசலில் வந்து நின்று, "இங்கே வயிற்றைக் கிழித்துச் சாக இடம் தாருங்கள்" எண்டு கேட்கிறதில் தொடங்குகிற படம். மானம், மரியாதை, விசுவாசம் எண்டு அந்த வீடு காட்டுகிறதெல்லாம் உள்ளே வெறும் கூடு எண்டு அவன் படிப்படியாக உரித்துக் காட்டுவான். படம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு நண்பன் சொன்னான், "இவங்கள் கெட்டுப்போன சாமுராய்கள். அதுக்கு முந்தின சண்டைக் காலத்திலதான் உண்மையான ஆட்கள் இருந்தவங்கள். கடைசி வரைக்கும் ஒரு எசமான். மாறினவன் துரோகி, அவ்வளவுதான்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

'ஹராகிரி' படத்தின் கதை நடக்கிற வருடம் 1630. அதே 1630 இல், அதே எதோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஒரு கிழட்டுத் தளபதி படுக்கையில் செத்துப்போனார். பெயர் தோதோ தக்காதோரா. யப்பானிய வரலாற்றில் 'எசமான் மாற்றுகிறவன்' எண்டு பெயர் வாங்கின ஆள். ஏழு பேருக்குக் கீழே வேலை செய்தவர் எண்டு வழமையாகச் சொல்வார்கள். எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அது பத்தாகவும் வரும். நண்பனின் கணக்குப்படி பார்த்தால் இவர் துரோகிகளுக்கெல்லாம் பெரிய துரோகி. என்ரை கணக்கு வேற.

தக்காதோரா 1556 இல் ஓமி மாகாணத்தில், பீவா ஏரிக்குப் பக்கத்தில் பிறந்தவர். பெரிய குடும்பம் இல்லை. ஒரு காலத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்து, பிறகு விவசாயிகளோடு விவசாயியாகக் கரைந்துபோன வீடு. ஆறடிக்கும் மேல் உயரமான ஆள் எண்டு சொல்லப்படுகிறது. அந்தக் காலத்து யப்பானில் அது மலை மாதிரி. 1570 இல் அனேகாவா ஆற்றங்கரைச் சண்டையில் அசாய் நாகமாசா எண்ட பிரபுவின் காலாட்படையில் நின்றார். அப்போது அவருக்கு ஏ.எல். கூட எடுக்காத வயது.

அதற்குப் பிறகுதான் ஓட்டம். ஒரு சண்டையில் கூட இருந்த ஆளை வெட்டிவிட்டு அசாயிடமிருந்து ஓடினார். அடுத்த எசமானிடமும் நிலைக்கவில்லை. மூன்றாவது எசமான் 80 கொக்கு சம்பளம் கொடுத்தார். கொக்கு எண்டால் ஒரு ஆள் ஒரு வருடத்துக்குச் சாப்பிடுகிற அரிசி, ஏறத்தாழ 150 கிலோ. அந்தக் காலத்தில் சம்பளம், நிலம், அதிகாரம் எல்லாம் இந்த அரிசிக் கணக்கில்தான். நாலாவது எசமானுக்காகச் சண்டை பிடித்தார், பெயர் எடுத்தார், ஆனால் சம்பளம் ஏறவில்லை. விட்டுவிட்டுப் போனார்.

இந்த அலைச்சல் காலத்தைப் பற்றி யப்பானில் ஒரு கதை சொல்வார்கள். பசியோடு அலைந்த தக்காதோரா மிக்காவா பக்கத்தில் ஒரு மோச்சிக் கடையில், எங்கட கொழுக்கட்டை மாதிரியான அரிசிப் பண்டக் கடையில், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, "காசு இல்லை" எண்டு ஒப்புக்கொண்டார். கடைக்காரர் அடிக்கவில்லை. ஊருக்குப் போய்த் தாய் தகப்பனைப் பார் எண்டு கையில் காசும் கொடுத்து அனுப்பினார். பல வருடம் கழித்துப் பிரபுவாக அந்த வழியால் போனபோது கடனைத் திருப்பிக் கொடுத்தாராம். கதைசொல்லிகள் வளர்த்த கதையாக இருக்கலாம். ஆனால் அவருடைய போர்க்கொடி உண்மை: நீலத் துணியில் மூன்று வெள்ளை வட்டங்கள். வெள்ளை மோச்சி என்பதற்கான சொல்லும் கோட்டை வைத்திருப்பவன் என்பதற்கான சொல்லும் யப்பானிய மொழியில் ஒரே மாதிரி ஒலிக்கும். பசியை மறக்காத ஒரு ஆளின் கொடி எண்டு எனக்கு அது படுகிறது.

1576 அளவில் ஐந்தாவது எசமான் கிடைத்தார். ஹிதேநாகா. பிற்காலத்தில் யப்பான் முழுவதையும் ஆண்ட டொயோதோமி ஹிதேயோஷியின் தம்பி. தொடக்கமே 300 கொக்கு. ஆனால் சம்பளத்தைவிடப் பெரிய விசயம், ஹிதேநாகா இந்த முரட்டு ஈட்டிக்காரனுக்குள் ஒரு கட்டடக்காரன் இருப்பதைக் கண்டுபிடித்தார். கோட்டை கட்ட, கணக்குப் பார்க்க, ஆட்களை நடத்தப் பழக்கினார். இங்கேதான் கவனிக்க வேணும்: எசமான் மாற்றுகிறவன் எண்டு பெயர் எடுத்த அதே ஆள், ஹிதேநாகா 1591 இல் சாகும்வரை, ஏறத்தாழ 15 வருடம், அவரை விட்டு அசையவில்லை. அவர் செத்த பிறகு அவருடைய வளர்ப்பு மகனுக்கு வேலை செய்தார். அந்தப் பிள்ளையும் 1595 இல் பதின்ம வயதில் செத்தபோது, தக்காதோரா தலையை மழித்துக்கொண்டு கோயா மலையில் துறவியாகப் போய் இருந்தார். திறமையான ஆளை விட மனமில்லாமல் ஹிதேயோஷிதான் திரும்பக் கூப்பிட்டு, உவாஜிமாவில் 70,000 கொக்கு நிலமும் கொடுத்தார்.

அப்ப கணக்கைப் போடுவம். அவர் உயிரோடிருந்த எசமானை விட்டுப் போனதெல்லாம் இளவயதில், இருபது வயதுக்குள்ளே. அதுக்குப் பிறகு அவர் எசமானை மாற்றவில்லை. எசமான்மார் செத்துக்கொண்டிருந்தார்கள். சண்டைக் காலத்தில் சேவகன் உயிர் தப்பினால் அவனுக்கு எசமான் மாறத்தான் செய்யும்.

அந்தக் காலத்தில் அது பெரிய பாவமும் இல்லை. எசமான் - சேவகன் உறவு இரண்டு பக்கமும் நடக்கிற ஒன்று. மேலே இருக்கிறவன் நிலமும் பாதுகாப்பும் தரவேணும், கீழே இருக்கிறவன் சண்டைக்கு வரவேணும். முதலாவது நின்றால் இரண்டாவதும் நிற்கும். எங்கள் மனதில் இருக்கிற 'சாகும்வரை ஒரு எசமான்' சாமுராய் சண்டைக் காலத்து ஆள் இல்லை, சண்டை முடிந்த பிறகு உருவான ஆள். 47 ரொனின்கள் தங்கள் எசமானுக்காகப் பழிவாங்கியது 1703 இன் தொடக்கத்தில், பெரிய சண்டைகள் ஓய்ந்து ஒரு தலைமுறைக்கும் மேலே போன பிறகு. சாவைப் பற்றி ஓயாமல் பேசுகிற 'ஹகாகுரே' நூலைச் சொல்லி எழுதுவித்த யமமோதோ ட்சுனேதோமோ ஒரு போர்க்களத்தையும் காணாதவர். 'புஷிதோ' எண்ட சொல்லை உலகத்துக்குப் பரப்பிய நிதோபே இனாசோவின் நூல் 1900 இல், முதலில் ஆங்கிலத்தில் வந்தது. பிறகு இருபதாம் நூற்றாண்டு யப்பானிய இராணுவ அரசு அந்தக் கருத்தை எடுத்து, விவசாயிகளின் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிக் கப்பல்களில் மோதவிட்டது. சாவைப் புனிதமாக்கின ஆட்கள் பெரும்பாலும் சாகாத இடத்தில் இருந்துதான் எழுதினார்கள்.

இனி நண்பன் கேட்கப்போகிற கேள்விக்கு வாறன். "அப்ப ஹிதேயோரி?"

நியாயமான கேள்வி. ஹிதேயோஷி 1598 இல் சாகும்போது அவருடைய மகன் ஹிதேயோரிக்கு வயது ஐந்து. அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பெரிய பிரபுக்களிடம் மன்றாடிவிட்டுத்தான் அவர் செத்தார். தக்காதோரா அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்கவில்லை. டொக்குகாவா இயேயாசுவின் பக்கம் போனார். 1600 இல் செகிகஹாரா சண்டையில் இயேயாசுவுக்காக நின்றதோடு, எதிர்ப்பக்கத்துச் சிறு பிரபுக்களை இந்தப் பக்கம் இழுக்கிற வேலையையும் செய்தவர் எண்டு சொல்லப்படுகிறது. 1615 இல் ஒசாகா கோட்டை விழுந்து, 21 வயது ஹிதேயோரி அதற்குள்ளே செத்தபோது, முற்றுகை போட்ட படையில் தக்காதோராவும் இருந்தார். இதை நான் பூசி மெழுகப் போறதில்லை. அவர் வெல்லப்போகிற பக்கத்தைப் பார்த்து, நேரத்தோடேயே போனார். அதற்குக் கூலியும் கிடைத்தது. 80 கொக்கில் தொடங்கினவர் கடைசியில் ட்சு, இகா பகுதிகளில் 3 இலட்சத்து 20 ஆயிரம் கொக்குக்கு மேல் வைத்திருந்தார்.

இன்னுமொன்றும் சொல்லவேணும், அது இதைவிட மோசம். ஹிதேயோஷி கொரியா மீது படையெடுத்தபோது தக்காதோரா கடற்படைத் தளபதி. 1592 இல் ஒக்போவில் யி சுன்-சின்னிடம் தோற்றார். 1597 இல் யி சுன்-சின் பதவியில் இல்லாத நேரம் சில்சொன்னியாங்கில் கொரியக் கடற்படையை அழித்த கூட்டத்தில் இருந்தார். அதே வருடம் காங் ஹாங் எண்ட கொரிய அறிஞரை அவருடைய ஆட்கள் குடும்பத்தோடு பிடித்து யப்பானுக்குக் கொண்டுபோனார்கள். பிடிபட்ட நேரத்தில் காங் ஹாங் தன் சின்னப் பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்தார். அந்தப் படையெடுப்பில் கொல்லப்பட்டவர்களிடமிருந்து வெட்டி உப்பிட்டு அனுப்பிய மூக்குகளைப் புதைத்த மேடு இன்றைக்கும் கியோத்தோவில் இருக்கிறது. இதெல்லாம் எந்த எசமானுக்கு வேலை செய்தபோது நடந்தது? ஹிதேயோஷிக்கு. தக்காதோரா மிகவும் விசுவாசமாக, சொன்னதைச் சொன்னபடி செய்த காலத்தில்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். ஹிதேயோஷியின் மகனைக் கைவிட்டதற்காக அவரைத் துரோகி என்கிறோம். ஹிதேயோஷியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து கொரியாவுக்குப் போனதற்காக ஒருவரும் அவரைத் துரோகி என்பதில்லை. அந்தச் சொல்லின் அளவுகோல் எவ்வளவு கோணல் எண்டு இதிலேயே தெரியும். விசுவாசம் எப்போதும் மேல்நோக்கித்தான் அளக்கப்படுகிறது: எசமானுக்கு என்ன செய்தாய்? கீழே இருக்கிறவனுக்கு, எதிரே நிற்கிறவனுக்கு என்ன செய்தாய் எண்டு அது கேட்பதே இல்லை.

கீழ்நோக்கி அளந்து பார்த்தால் தக்காதோரா வேறு மாதிரித் தெரிகிறார். அவரைப் பற்றிய குறிப்புகள் பல பின்னாளில் தொகுக்கப்பட்டவை. அதனால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் எடுக்கவேணும். இருந்தாலும் இரண்டைச் சொல்லுறன்.

ஒன்று, அவரை விட்டு வேற இடம் போக விரும்புகிற சேவகர்களைப் பற்றியது. மற்றப் பிரபுக்கள் அப்படிப் போகிறவனை வேறு எங்கும் வேலை எடுக்க விடாமல் துரத்தினார்கள். தக்காதோரா அவனைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, ஒரு வாளும் கொடுத்து, "போகிற இடம் சரிவராவிட்டால் திரும்பி வா" எண்டு அனுப்புவாராம். திரும்பி வந்தால் பழைய சம்பளமே. தான் நாலு தரம் வெளியே நடந்த ஆளுக்கு, வெளியே நடக்கிறவன் ஏன் நடக்கிறான் எண்டு தெரியும்தானே.

இரண்டாவது, என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எசமான் செத்தால் கூடவே சேவகர்களும் வயிற்றைக் கிழித்துச் சாகிற வழக்கம் அப்போது இருந்தது. 'ஜுன்ஷி' என்பார்கள். தக்காதோரா உயிரோடு இருக்கும்போதே ஒரு பெட்டியை வைத்து, "நான் செத்தால் என்னோடு சாக நினைக்கிறவர்கள் பெயரை எழுதிப் போடுங்கள்" என்றாராம். எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் விழுந்தன. வேறு ஆளென்றால் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பான். இவர் அதை எடுத்துக்கொண்டு இயேயாசுவிடம் போய், "இவர்கள் ஒருவரும் சாகக்கூடாது எண்டு நீங்கள் கட்டளை போடுங்கள்" எண்டு கேட்டார். கட்டளை வந்தது. பெயர் எழுதிய எல்லாரையும் கூப்பிட்டு, சாவது தடை எண்டு அறிவித்தார்.

இதிலயும் தந்திரம் இருக்கு, இல்லை எண்டு சொல்லேல்லை. "எனக்காகச் சாக இத்தனை பேர் இருக்கிறார்கள், எல்லாரும் உங்களுக்கு உதவுவார்கள்" எண்டு இயேயாசுவுக்குக் காட்டினது மாதிரியும் ஆச்சு. ஆனால் தந்திரமோ இல்லையோ, எழுபது பேர் வீட்டுக்குப் போனார்கள். அரசாங்கம் ஜுன்ஷியைத் தடை செய்தது 1663 இல்தான், அவர் செத்து 33 வருடத்துக்குப் பிறகு.

அவர் கையால் ஆட்கள் சாகவில்லை எண்டும் நினைக்கவேண்டாம். இகா உவேனோவில் அவர் எழுப்பிய கோட்டைக் கோபுரம் 1612 இல் புயலில் சரிந்தபோது வேலை செய்துகொண்டிருந்த பலர் அதற்குக் கீழே செத்தார்கள். 1615 இல், ஒசாகாவுக்குப் பக்கத்தில் யாஓ எண்ட இடத்தில் நடந்த சண்டையில் அவருடைய படை நொறுங்கியது. குடும்பத்துத் தளபதிகள் பலர் ஒரே நாளில் போனார்கள். அதில் ஒருவர் அவருடைய மருமகன் தகனோரி. இந்தத் தகனோரிக்கு ஒரு கதை உண்டு. செகிகஹாராவில் தோற்ற ஓதானி யோஷிட்சுகுவின் தலையை அவருடைய சேவகன் ஒருவன் புதைத்துக்கொண்டிருந்ததைத் தகனோரி கண்டுவிட்டார். "என்ரை தலையை எடு, இந்த இடத்தை மட்டும் சொல்லாதே" எண்டு அந்தச் சேவகன் கேட்டான். பிறகு இயேயாசுவே கேட்டபோதும் தகனோரி வாய் திறக்கவில்லையாம். எதிரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய ஆள், எசமான் மாற்றுகிறவன் வீட்டில்தான் வளர்ந்திருக்கிறான்.

கியோத்தோவில் நான்சென்ஜி எண்ட கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் பெரிய மரவாசல். சுமார் 22 மீற்றர் உயரம். சுற்றுலாக்காரர்கள் அதன் மேல் ஏறி நகரத்தைப் படம் பிடிப்பார்கள். அதை 1628 இல் எழுப்பியவர் தக்காதோரா, ஒசாகா சண்டையில் செத்தவர்களின் நினைவாக. அவர் கட்டிய மதில்களும் கடல்நீர் ஓடுகிற அகழிகளும் பொறியியல் மாணவர்கள் பார்த்து வியக்கிற விசயங்கள். எனக்கு அந்த வாசல் போதும். அதைக் கட்டி முடித்த காலத்தில் அவருக்கு வயது எழுபதுக்கு மேல், கண் பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் செத்தார். உடம்பைக் கழுவியவர்கள், வெட்டும் குண்டும் படாத இடமே இல்லை, விரல்கள் சிலது பாதி எண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பாக இருந்து பக்கம் மாறின உடம்பு இல்லை அது.

அவருடைய கெட்ட பெயர் எங்கே முற்றியது தெரியுமோ? 1868 இல். டொக்குகாவா ஆட்சி கவிழ்கிற நேரம், தோபா - புஷிமி சண்டையில், தோதோ குடும்பத்தின் படை திடீரெண்டு பக்கம் மாறி டொக்குகாவா படை மீதே பீரங்கி திருப்பியது. "பாட்டன் புத்தி பேரனுக்கு" எண்ட மாதிரி ஊர் சிரித்தது. செத்து 238 வருடம் கழித்து நடந்ததுக்கும் அந்த மனிசன்தான் பதில் சொல்லவேண்டி வந்தது. துரோகி எண்ட சொல் ஒருக்கால் ஒட்டினால் பரம்பரைக்கும் ஒட்டும்.

தக்காதோராவை நாயகனாக்க எனக்கு ஆசையில்லை. கொரியக் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம் போய் அப்படிச் சொல்ல முடியாது. நான் சொல்ல வாறது இவ்வளவுதான்: ஒரு ஆள் எத்தனை தரம் எசமான் மாற்றினான் எண்டு எண்ணுவதை விட்டுட்டு, அவன் கீழே இருந்தவர்களில் எத்தனை பேரைச் சாகச் சொன்னான், எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினான், எதிரே நின்றவனுக்கு என்ன செய்தான் எண்டு எண்ணிப் பார்ப்பம். அந்தக் கணக்கில் அவர் சில இடங்களில் தோற்பார், சில இடங்களில் வெல்லுவார். 'கடைசி வரை விசுவாசம்' எண்டு நாங்கள் கும்பிடுகிற பலர் அந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார்கள்.

நண்பா, 'ஹராகிரி' படத்தில் அந்தப் பிரபு வீட்டின் நடுவில் ஒரு பழைய போர்க்கவசம் பூசைப்பொருள் மாதிரி வைத்திருப்பார்களே, ஞாபகம் இருக்கா? அது இயி குடும்பத்தின் கவசம். யாஓவில் தோதோ படை நொறுங்கிய அதே நாள், பக்கத்துக் களத்தில் சண்டை பிடித்த குடும்பம் அது. படத்தின் கடைசியில் அந்தக் கவசத்தைத் தூக்கி எறிந்ததையும் பார்த்தோம், பிறகு அதைத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்ததையும் பார்த்தோம். உள்ளே ஆள் இல்லாத கவசத்துக்குத்தான் ஒருபோதும் எசமான் மாறுவதில்லை.